திடீரென்று பட்டணம் கிளம்புகிறவர்களுக்கு

அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 வாக்கில் முடிகிறது. கடைசிப் பரீட்சைக்கு முன்பே யாராவது ஒருவர் வாயில் அந்தப் பேச்சு வந்துவிடும்: "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு நாள் மெட்ராஸ் போயிட்டு வந்துடலாமா?" எங்கள் தெருப் பிள்ளைகள் இப்படி நினைத்ததும் என்னிடம்தான் வருவார்கள். "பெரியப்பா, எந்த வண்டி? எங்க போறது? எவ்வளவு ஆகும்?" பெரியவர்கள் துணையில்லாமல் முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் இவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து கிளம்புகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

1. யோசனை வந்தால் போய்விடுங்கள்.

நாள் பார்த்து, ஆள் சேர்த்துப் போகலாம் என்று ஒத்திவைத்தால் அந்தப் பயணம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். அத்தைக்குக் கண் ஆஸ்பத்திரி, சித்திக்குத் தி.நகரில் பட்டுப்புடவை, மாமாவுக்கு யாரையோ பார்க்க வேண்டிய வேலை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நீங்கள் பை தூக்கும் ஆளாகத்தான் போவீர்கள். அவையெல்லாம் செய்யவேண்டிய காரியங்கள்தான், அவற்றுக்கு வேறு நாள் இருக்கிறது. மார்கழியில் வெயில் தாழ்ந்திருக்கும். கார்த்திகை தீபத்தின் நெரிசல் ஓய்ந்து நம்மூரும் சற்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பட்டணத்தில் ஒரு பக்கம் சபாக்களில் கச்சேரி, இன்னொரு பக்கம் மாதா கோவில்களில் குடில் கட்டும் வேலை. இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது இந்த ஒரு வாரத்தில்தான்.

2. திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்யுங்கள்.

எல்லோரும் போகும் வண்டியைத்தான் விசாரிப்பார்கள். நீங்கள் திரும்பும் வண்டியிலிருந்து தொடங்குங்கள். 2024 மே மாதத்திலிருந்து வேலூர் வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு நேர் ரயில் ஓடுகிறது. அதிகாலை 4 மணிக்கு நம்மூரில் கிளம்பி, போளூர், ஆரணி ரோடு, காட்பாடி, அரக்கோணம் எல்லாம் தாண்டி, பத்து மணிக்குச் சற்று முன்னால் கடற்கரை நிலையத்தில் விடும். மாலை 6 மணிக்கு அதே நிலையத்தில் ஏறினால் நள்ளிரவு தாண்டியதும் இங்கே இறங்கலாம். ஓட ஆரம்பித்தபோது டிக்கெட் 50 ரூபாய். முன்பதிவு கிடையாது, அன்றைக்கு அன்று வாங்கிக்கொள்ளலாம். திடீர் யோசனைக்காரர்களுக்கென்றே விட்டதுபோல் ஒரு வண்டி. பட்டணத்தில் எட்டு மணி நேரம் கிடைக்கும், அது போதும்.

பஸ்ஸில் போனால் செஞ்சி, திண்டிவனம் வழி. முன்பெல்லாம் கோயம்பேட்டில் இறங்குவோம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையத்தைத் திறந்த பிறகு தென்மாவட்டப் பக்கத்து வண்டிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கே இறங்கியதும் பட்டணம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். மயிலாப்பூருக்கு இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இருக்கிறது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் அதிலேயே கழியும். ஒரு நாள் பயணத்தில் இது பெரிய இழப்பு. அதனால்தான் அதிகாலைத் தூக்கம் போனாலும் ரயிலையே சொல்கிறேன்.

கிளம்புமுன் நாள்காட்டியில் பௌர்ணமியையும் பாருங்கள். மார்கழிப் பௌர்ணமி சில வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும். 2015-இல் கிறிஸ்துமஸ் அன்றைக்கே பௌர்ணமி. அப்படிப்பட்ட நாளில் நாம் ஊரை விட்டுப் போவது சுலபம், எதிர்த்திசையில் காலியாகப் போகும் வண்டிகள் நிறைய. மாலையில் திரும்பும்போதுதான் கிரிவலத்துக்கு வருகிற மொத்தக் கூட்டத்தோடும் முண்டியடிக்க வேண்டும். அன்றைக்குப் பயணத்தை ஒரு நாள் முன்னோ பின்னோ தள்ளிவையுங்கள்.

3. பழைய விவரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், வழியில் சொல்பவர் சொல்லைத் தட்டாதீர்கள்.

இந்த ஊருக்கு வந்த பயணங்களிலேயே பெரியது சொல்லாமல் கிளம்பிய ஒரு பயணம்தான். 1896 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் கிளம்பினார். அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயையும் ஒரு சீட்டையும் வீட்டில் வைத்தார். தன்னைத் தேட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தார். வழி பார்த்துக்கொண்டது ஒரு பழைய பூகோளப் படத்தில். அதில் திருவண்ணாமலைக்குக் கிட்டத்திலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று தோன்றியது. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் புதிதாகப் போட்டிருந்த பாதை அந்தப் படத்தில் இல்லை. கையிலிருந்த மூன்று ரூபாயில் பெரும்பகுதியைக் கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்.

பெட்டியில் ஒரு மௌலவி உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில், திருவண்ணாமலையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, விழுப்புரத்தில் மாறினால் போதும் என்று அவர்தான் சொன்னார். பையன் விழுப்புரத்தில் இறங்கினார். மிச்சமிருந்த அணாக்களுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. பிறகு நடை. அறையணிநல்லூர்க் கோயிலில் சற்று நேரம் அமர்வு, கீழூரில் ஒரு வீட்டில் சாப்பாடு, காதிலிருந்த கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து மீண்டும் ரயில். செப்டம்பர் 1-ஆம் தேதி காலை இந்த ஊரில் இறங்கினார். அதன் பிறகு அவர் இந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. ரமண மகரிஷி என்று உலகம் அவரை அறிந்தது.

அவர் போன காரியம் வேறு, நாம் போவது வேறு. அந்த வழிப்பயணத்தில் நமக்கு ஆகிற விஷயம் ஒன்று உண்டு. படம் பழசானால் திக்கு மாறிப்போகும். எதிர் சீட்டில் இருப்பவரிடம் வாய் திறந்து பேசினால் சரியான இடத்தில் இறங்கலாம். ரயில் நேரம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம்கூட மாறக்கூடும். நான் மேலே எழுதியதையும் சேர்த்து, முந்தின நாள் ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் பஸ் போகும் வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போனில் காட்டுவதை மட்டும் பார்க்காமல் நிறுத்தத்தில் நிற்கிற பூக்கார அம்மாவையும் கேளுங்கள்.

4. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்த வண்டியில் போகிறீர்கள், எதில் திரும்புகிறீர்கள், யார் யார் போகிறீர்கள் என்று மூன்றே விவரம். எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

5. மழையைக் கேளுங்கள்.

டிசம்பர் நமக்கு மழை மாதம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய மறுநாள், டிசம்பர் 1 அன்று, நம் மலையிலேயே மண் சரிந்து ஒரு வீட்டிலிருந்த ஏழு பேர் போனார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வாரம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சாலையும் தண்டவாளமும் தண்ணீரில் கிடந்தன. வானிலை மையம் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று சொன்னால் பயணத்தை விட்டுவிடுங்கள். ஆசையாகக் கிளம்பியதை நிறுத்துவது கஷ்டம்தான், இருந்தாலும் நிறுத்துங்கள்.

6. ஒரே ஒரு பேட்டை.

எட்டு மணி நேரத்தில் மெரினா, தி.நகர், எழும்பூர் மியூசியம், பீனிக்ஸ் மால் என்று பட்டியல் போட்டால் உங்களுக்கு ஞாபகம் இருக்கப்போவது ஆட்டோவின் முதுகுப்பக்கம்தான். ஒரு பேட்டையைப் பிடித்துக்கொண்டு அதைக் காலால் நடந்து பாருங்கள். எந்தப் பேட்டை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மயிலாப்பூர் என்பேன். கடற்கரை நிலையத்தில் இறங்கியதும் வெளியே வர வேண்டாம். அங்கேயே பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலை. நிலையத்திலிருந்து கோயில் நடை தூரம்.

முதலில் கபாலீஸ்வரர். உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே அதை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூம்பாவை சன்னிதி இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் எலும்பைக் குடத்தில் வைத்திருந்தார் தகப்பனார் சிவநேசர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்பது வரலாறு. அந்தப் பதிகத்தில் அவர் ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலே போகிறாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் என்று வருஷமே அதில் வரும். கார்த்திகை விளக்கு மயிலையிலும் உண்டு என்பதை நம்மூர்ப் பிள்ளைகள் அங்கே நின்று ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சம்பந்தர் நம் அண்ணாமலையையும் பாடியவர்.

அங்கிருந்து லஸ் பக்கம் நடந்தால் பிரகாச மாதா கோவில். அக்கம்பக்கத்தார் காட்டுக்கோவில் என்பார்கள். 1516-இல் போர்த்துகீசியர் கட்டியது. கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்ததாம், அதைத் தொடர்ந்து வந்து, அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் எழுப்பினார்களாம். இருட்டில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து வழி பிடிப்பது என்றால் என்னவென்று தீபமலைக்காரர்களான நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கச்சேரி சாலை வழியாகக் கிழக்கே போனால் சாந்தோம். தோமையார் கல்லறை மேல் எழுந்த கோவில் என்பது அவர்கள் மரபு. போர்த்துகீசியர் கட்டிய பழைய கோவிலை எடுத்துவிட்டு, இப்போது நிற்கிற வெள்ளை வெளேரென்ற கோபுரக் கோவிலை 1896-இல் அபிஷேகம் செய்தார்கள். வேங்கடராமன் நம்மூரில் இறங்கிய அதே வருஷம். கல்லறைச் சிற்றாலயத்துக்குப் பின்புறமாக இறங்கிப் போகலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் போனால் குடில் பாதி எழும்பியிருக்கும். வைக்கோல் பரப்பி, ஆடு மாடு பொம்மைகளை நிறுத்தி, தொட்டிலைக் காலியாக விட்டிருப்பார்கள். குழந்தையை 24-ஆம் தேதி இரவுதான் கிடத்துவார்கள். முடிந்த குடிலை எங்கே வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். அதைக் கட்டுகிறவர்கள் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க இந்த நாட்களில்தான் முடியும்.

மதியம் வெயில் ஏறினால் ஒரு சபாவில் போய் உட்காருங்கள். மயிலாப்பூரையும் டி.டி.கே. சாலையையும் சுற்றி எத்தனையோ சபாக்கள். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் காலையில் விளக்க உரைகள் நடக்கும். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பாடுவது பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள். எதிரே பாதி நாற்காலி காலியாக இருக்கும். கடைசி வரிசையில் ஒதுங்காமல் முன்னால் போய் உட்காருங்கள், பாடுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு தெம்பு தெரியுமா! ராகம் தெரியாது, தாளம் தெரியாது என்று தயங்க வேண்டாம். பாட்டு நடுவில் எழுந்திருக்காதீர்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள், நீங்கள் போகாதீர்கள். மிருதங்கக்காரர் காலையிலிருந்து காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான்.

7. நல்ல விருந்தாளியாக இருங்கள்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாம் விருந்தாளிகளை வரவேற்கிற ஊரில் பிறந்தவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் வந்து 14 கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போகிறார்கள். யார் எப்படி நடந்துகொண்டால் நமக்கு நோகும், யாரைப் பார்த்தால் மனசு குளிரும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறோம். வாசல் கோலத்தின் மேல் காரை நிறுத்துகிறவர்கள் உண்டு. சாலையோரம் கண்மூடி உட்கார்ந்திருக்கும் சாமியார் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர்கள் உண்டு. அன்னதானத் தொன்னையை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு நடப்பவர்களும் உண்டு. அதே சாலையில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். பொங்கலைச் சாப்பிட்டு முடித்து, தன் தொன்னையோடு பக்கத்தில் கிடந்த நாலைந்தையும் பொறுக்கிக் கூடையில் போட்டார். உட்கார்ந்த திண்ணையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அந்த வீட்டு வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். வீட்டில் யாரும் வெளியே நிற்கவில்லை.

ஒரு நாளாவது நீங்களும் அந்த மூதாட்டியின் இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் உங்களைப் பட்டணத்துக்குப் போகச் சொல்கிறேன். மாதா கோவிலில் யாராவது முட்டிபோட்டு அழுதுகொண்டிருந்தால் அந்தப் பக்கம் போன் திரும்பக் கூடாது. மாடவீதியில் வாசல் தெளித்திருந்தால் ஓரமாகப் போங்கள். குடில் கட்டுகிறவர்களிடம் "நாங்களும் கொஞ்சம் வைக்கோல் எடுத்துத் தரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றாலும் சந்தோஷப்படுவார்கள். எந்த ஊர் என்று கேட்டால் திருவண்ணாமலை என்று நிமிர்ந்து சொல்லுங்கள். பட்டணத்தில் பாதிப் பேர் நம்மூருக்கு வந்து போனவர்கள். அவர்களுக்கு நம்மூரில் என்ன நடந்தது என்று காது கொடுத்துக் கேளுங்கள், அதில் நமக்கு வேலை இருக்கிறது.

8. கடல் பார்க்காத ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

நம்மூரில் மலை பார்க்காத ஆளில்லை, கடல் பார்க்காதவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பூ கட்டும் ஆயா, பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை. அவர்களில் நடக்கத் தெம்புள்ள ஒருவரையாவது கேட்டுப் பாருங்கள். சாந்தோம் கோவிலுக்குப் பின்னாலேயே கடல். அங்கே கால் நனைக்கலாம், அதற்கு மேல் இறங்கக் கூடாது. டிசம்பர்க் கடல் முரட்டுக் கடல். நீச்சல் தெரியும் என்று சொல்கிற பையன்கள்தான் இழுபட்டுப் போகிறார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

9. சாப்பாட்டுக்கு அதிகம் அலைய வேண்டாம்.

காலைக்கு வீட்டிலிருந்து புளிச்சோறோ இட்லியோ கட்டிக்கொள்ளுங்கள், காட்பாடி தாண்டியதும் பிரிக்கலாம். மதியத்துக்குச் சபா கேன்டீன். கச்சேரி டிக்கெட் இல்லாதவர்களுக்கும் சாப்பாடு போடுவார்கள். விலை சற்றுக் கூடத்தான், ஒரு நாளைக்குப் பரவாயில்லை. திரும்பும் செலவுக்கான பணத்தை மட்டும் தனியாக மடித்து வேறு பையில் வைத்துவிடுங்கள். போனில் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள், மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

10. வாங்குவதைக் கடைசியில் வாங்குங்கள்.

நாலரை மணிக்குள் பறக்கும் ரயிலில் ஏறிக் கடற்கரை நிலையம் திரும்பிவிடுங்கள். வெளியே வந்தால் பாரிமுனை பக்கத்திலேயே இருக்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையையும் அதைச் சுற்றிய சந்துகளையும் கிறிஸ்துமஸ் வாரத்தில் பார்க்க வேண்டும். கடைக்குக் கடை காகித நட்சத்திரம், ஜிகினாச் சரம், குடில் பொம்மை. காலையிலேயே வாங்கியிருந்தால் நாள் முழுவதும் அதைச் சுமந்து கசக்கியிருப்பீர்கள். இப்போது வாங்கினால் பத்து நிமிஷத்தில் வண்டி ஏறிவிடலாம். டேனிஷ் மிஷன் பள்ளியில் உங்களோடு படிக்கிற நண்பர்கள் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் வாங்குங்கள். தீபத்தன்று நம் வீட்டுப் பொரி உருண்டை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்குமே.

விலை கேட்டுப் பேசுங்கள், கடைக்காரர் மனம் நோகப் பேசாதீர்கள். வருஷத்தில் இந்த ஒரு மாதத்தை நம்பித்தான் அவர் அத்தனை சரக்கையும் அடுக்கியிருக்கிறார். ஐந்தரைக்கு யார் எந்தக் கடையில் இருந்தாலும் நிலையத்துக்குள் வந்துவிட வேண்டும். அந்த ஆறு மணி வண்டியில் வேலைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் அரக்கோணம், காட்பாடி வரைக்கும் இருக்கும். முன்கூட்டி வந்தவர்களுக்குத்தான் உட்கார இடம். நாள் முழுக்க உழைத்துவிட்டு நிற்கிற ஒரு அம்மாவைப் பார்த்தால் உங்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுங்கள்.

11. நள்ளிரவு இறக்கம்.

திருவண்ணாமலைதான் கடைசி நிலையம், ஆகவே தூங்கிப்போனாலும் ஊர் தப்பாது. பை தப்பலாம். வேலூர் கண்டோன்மென்ட் தாண்டியதும் ஒருவர் விழித்திருந்து எல்லோருடைய பையையும் எண்ணிக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் இருந்தால் ஸ்டேஷனுக்கு வண்டியோடு ஆள் வரும்படி முந்தின நாளே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்கும், கேட்ட காசு கொடுக்க வேண்டியிருக்கும். நட்சத்திரத்தைத் தட்டையாக மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் பிரியுங்கள். அதற்கு வேண்டிய ஒயரும் ஹோல்டரும் பல்பும் பாரிமுனையில் தேட வேண்டாம், நம்மூர் எலக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும்.